நாற்பத்தேழு டிக்கெட்

உனைசியிடம் முடியாது என்று சொல்ல நெதானிக்கு வராது. சொல்லவும் கூடாது. அவன் பிறந்த தீவும் அவளுடைய அம்மா பிறந்த வுனிவாசாவும் தௌவு முறை. இரண்டு ஊரின் பழைய தெய்வங்களும் அண்ணன் தம்பிகளாம். அதனால் இந்த ஊர்க்காரரும் அந்த ஊர்க்காரரும் எங்கே பார்த்துக்கொண்டாலும் வாய்க்கு வந்தபடி கேலி பண்ணலாம், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். கேட்காமலே எடுத்துக்கொண்டு போனாலும் பேசாமல் இருக்க வேண்டும். போன வருஷம் தலைநகர் சுவாவின் பஸ் ஸ்டாண்டில், கொட்டுகிற மழையில், உனைசியின் குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான் நெதானி. மறுநாள் அவள் அவனுடைய ஆபீசுக்குப் போய், மேஜை மேல் இருந்த அவன் மதியச் சாப்பாட்டை அவன் கண்ணெதிரிலேயே தின்றுவிட்டு வந்தாள்.

அந்த ஆபீஸ், ஆறு திரை உள்ள தியேட்டரின் மேனேஜர் ஆபீஸ். உனைசியோ படம் எடுக்கிறவள். இப்படி ஒரு முறை வாய்த்தால் யாருக்குத்தான் நப்பாசை வராது?

உனைசிக்கு நாற்பத்தோரு வயது. பன்னிரண்டு வருஷம் டெலிவிஷனில் கேமரா தூக்கினவள். அமைச்சர் ரிப்பன் வெட்டுவதையும் புயல் கூரை பிரிப்பதையும் எடுத்து எடுத்து அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு ‘வடக்குப் பாறை’ என்று சொந்தமாக ஒரு படம் எடுத்தாள். ஹோட்டல்காரன் ஒருவன் விலைக்குக் கேட்கிற பவளப்பாறையை வைத்து அண்ணனும் தங்கையும் அடித்துக்கொள்கிற கதை. நடித்தது முழுக்க வுனிவாசா ஊர். பாறையை விற்கிற அண்ணனாக அவளுடைய தாய்மாமன் எமோசி. மூன்றரை வருஷம் ஆயிற்று. சாவு வந்தால் ஷூட்டிங் கிடையாது, கல்யாணம் வந்தால் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கோயில் நாள், கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. அப்படியும் எடுத்து முடித்தாள். நல்ல படம். சும்மா சொல்லவில்லை, நல்ல படம்.

படம் எடுப்பது ஒரு பாடு. அதைக் காட்டுவது வேறு பாடு. நாட்டில் திரை என்று எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் ஒரே கம்பெனி. சுவாவில் அது, லௌதோகாவில் அது, லம்பாசாவில் அது. வெளிநாட்டுப் படத்தைத் தருவிப்பதும் அதுவே, ஓட்டுவதும் அதுவே, எந்தப் படம் எத்தனை மணிக்கு என்று தீர்மானிப்பதும் அதுவே. சின்ன ஊர்களில் தனியார் வைத்திருந்த பழைய கொட்டகைகளில் ஒன்று மெத்தைக் கடையாகிவிட்டது, ஒன்று அரிசி மூட்டை அடுக்குகிற கிடங்காகிவிட்டது, மற்றொன்றில் டிரம்ஸ் அடித்து ஜெபம் நடக்கிறது. கம்பெனி வேண்டாம் என்றால் படத்தை வீட்டுச் சுவரில் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எட்டு மாதம் மெயில் போட்டாள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பதில்கள் எல்லாம் மரியாதையானவை. மரியாதையாக இழுத்தடித்தார்கள். ஒன்பதாவது மாதம் ஒப்பந்தம் வந்தது. வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு நாள், இரண்டாம் ஹால், காலை பத்தரைக்கு ஒரு காட்சி, மதியம் மூன்றே முக்காலுக்கு ஒரு காட்சி. காட்சிக்குச் சராசரி பதினைந்து டிக்கெட் விற்றால் இரண்டாவது வாரம் உண்டு, மாலைக் காட்சி உண்டு, மற்ற ஊர்களும் உண்டு. விற்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமையோடு எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு அந்தப் படத்தை வேறு எங்கும் காட்டக் கூடாது. டெலிவிஷனில் கூடாது, கோயில் மண்டபத்தில் கூடாது, ஊர்ப் பொதுக்கூடத்தில் வேட்டித்துணி கட்டியும் கூடாது. ஏழாவது பக்கத்தில், காட்சிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்ற கம்பெனிக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி. உனைசி அதைப் படித்தாள். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். போடாமல் என்ன செய்வது?

எட்டுக் காட்சி, காட்சிக்குப் பதினைந்து, மொத்தம் நூற்று இருபது தலை. அவ்வளவுதான் வேண்டும். அவளுடைய சொந்தக்காரர்களைக் கூப்பிட்டாலே அதற்கு மேல் தேறும். ஆனால் காலை பத்தரைக்கு வேலை வெட்டியை விட்டுவிட்டு எவன் படத்துக்கு வருவான் என்று நெதானியிடம் போனாள். சாயங்காலம் ஏழு மணிக் காட்சியைக் கொடு என்றாள். எடுத்துக்கோ என்றான். மூன்று நாள் கழித்து அட்டவணை வந்தது. பத்தரை, மூன்றே முக்கால். நெதானி பொய் சொல்கிறவன் இல்லை. தன் பையில் இல்லாததை எடுத்துக் கொடுக்கப் பார்க்கிறவன், அவ்வளவுதான். ஆறு திரைக்கும் மேனேஜர் என்று பேரே தவிர, எந்தத் திரையில் எது ஓடுகிறது என்பது அவனுக்கும் மெயிலில்தான் தெரியும். அந்த மாதம் பறக்கிற மனிதர்கள் படம் ஒன்று வந்திருந்தது. நாலு திரையில் அதுதான். வாசலில் அதற்கு இரண்டு ஆள் உயர அட்டைப் பொம்மை. ‘வடக்குப் பாறை’ போஸ்டர் கழிப்பறைக்குப் போகிற வழியில் இருந்தது.

அந்த போஸ்டரில் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உனைசி வுனிவாசாவுக்குப் போனாள். இரண்டரை மணி நேரப் பஸ். எமோசி மாமா வீட்டில் யங்கோனா வேரைத் தண்ணீரில் கரைத்து, குடிக்க ஊரே உட்கார்ந்திருந்தது. போஸ்டரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அதில் தன் முகம் இல்லை என்று இரண்டு பேருக்கு மனத்தாங்கல். ஊர்த் தலைவர் வைசாகே, எந்த நாள் வரலாம் என்று கேட்டார். வியாழக்கிழமையிலிருந்து என்றாள். எமோசி கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மருமகளே, மொதக் கெழங்கு தோண்டினா அது யாருக்குப் போவுது?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. முதல் வள்ளிக்கிழங்கு ஊர்ப் பெரியவருக்கும் கோயிலுக்கும் போன பிறகுதான் மற்றவன் வாயில் வைப்பான். அதற்கு முன்னால் சந்தைக்கு ஏற்றுகிற மனிதனை வுனிவாசாவில் யாரும் கண்டதில்லை.

"இதுவும் இந்த மண்ணுல வெளஞ்சதுதானே," என்றார் எமோசி. "கடையில விக்கிறதுக்கு முன்னாடி ஊருக்குக் காட்டிரு. அப்புறம் நீ உலகத்துக்கே வித்துக்கோ, யாரு கேக்கப் போறா."

இதை ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று உனைசிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தவள், நூற்று இருபது என்ற எண்ணை மூன்று வாரமாக மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தவள், அந்த நிமிஷம் அதை அடியோடு மறந்துபோனாள். வைசாகே தலையாட்டினார். சம்மதம் என்று எல்லாரும் மூன்று தரம் கை தட்டினார்கள். முடிந்தது.

திங்கட்கிழமை நெதானியின் ஆபீசுக்குப் போய் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"புதன்கெழம சாயங்காலம் உன் ரெண்டாம் ஹாலை எடுத்துக்கறேன்."

"எதுக்கு? நண்டு காய வைக்கவா?" வுனிவாசாக்காரர்களுக்கு அவன் தீவு வைத்த பட்டப்பேர் நண்டு.

"எங்க ஊரு மொதல்ல பாக்கணும். காசு கிடையாது. உன் தீவுக்காரன் மாதிரி ஓசிதான்."

"எத்தன நண்டு வரும்?"

"எரநூறுக்கு மேல."

நெதானி கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தான். புதன்கிழமை நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை இரண்டாம் ஹாலில் காட்சி இல்லை, புரொஜெக்டரைத் துடைக்க ஆள் வருவான், அவனை மறுநாள் காலையில் வரச் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு, எடுத்துத் தொலை, சீட்டில் மீன் வாடை அடித்தால் உன் தலையில்தான் துடைப்பேன் என்றான். தலைமை அலுவலகத்தைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவனுக்குத் தெரியும்.

புதன்கிழமை மூன்று பஸ்ஸிலும் கிடைத்த வண்டியிலும் வந்து இறங்கினார்கள். வுனிவாசா முழுக்க, பக்கத்து ஊரில் வாக்கப்பட்டவர்கள், சுவாவில் வேலை பார்க்கிறவர்கள், நௌசோரியில் இருக்கிற சம்பந்தி வீட்டார், எல்லாரும். ஆண்கள் கோயிலுக்குக் கட்டுகிற சுலு வேட்டி கட்டியிருந்தார்கள். வைசாகே வாசலிலேயே உட்கார்ந்து நெதானிக்கு யங்கோனா வேர்க் கட்டை முறைப்படி வைத்துப் பேசினார். பாப்கார்ன் விற்கிற பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அவர்களும் கை தட்டினார்கள்.

படம் ஓடின ஒன்றரை மணி நேரமும் உனைசி திரையைப் பார்க்கவில்லை, ஜனங்களைத்தான் பார்த்தாள். எமோசி பாறையை விற்கிற காட்சியில் பெண்கள் எழுந்து அவரைத் திட்டினார்கள். திரையில் இருந்த எமோசியைத் திட்டினது போதாமல், நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எமோசியையும் திரும்பித் திட்டினார்கள். படத்தில் நடித்து, ஷூட்டிங் முடிவதற்குள் இறந்துபோன ஊர்க்காரி லோசேனா, திரையில் முழங்கால் தண்ணீரில் வலையோடு நடந்து வந்தாள். எழுந்து நின்ற பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். லோசேனாவின் புருஷன் சுலு நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். உனைசிக்கு இந்த மூன்றரை வருஷமும் இதற்குத்தான் என்று இருந்தது. அவள் வாழ்க்கையில் அதைவிட நிறைவான மாலை இருந்ததில்லை.

நெதானி கதவோரமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தான். அது தொழில் புத்தி. கடைசி ஆள் வெளியே போன பிறகு உனைசியிடம் வந்தான்.

"எரநூத்தி முப்பத்தாறு," என்றான்.

"பாத்தியா?"

"பாத்தேன். நாளைக்கு யாரு வருவா?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

வியாழக்கிழமை காலை பத்தரைக் காட்சிக்கு ஆறு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கின வெளிநாட்டுப் பையன்கள், முதுகு மூட்டையைப் பக்கத்து சீட்டில் வைத்துத் தூங்கிப்போனார்கள். மதியம் பதினோரு பேர். மொத்தம் பதினேழு. உனைசி தியேட்டர் வாசலில் நின்று வுனிவாசாவுக்குப் போன் போட்டாள்.

எமோசிக்கு அவள் என்ன கேட்கிறாள் என்றே முதலில் பிடிபடவில்லை. நாங்கள்தான் பார்த்துவிட்டோமே என்றார். மறுபடி வாருங்கள், இந்தத் தடவை டிக்கெட் வாங்கிப் பாருங்கள் என்றாள். பங்கு கொடுத்தாயிற்று, வாங்கிக்கொண்டாயிற்று, மறுபடியும் போய்ப் பாத்திரத்தை நீட்டினால் ஊர் என்ன நினைக்கும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். இல்லை மாமா, இது பாத்திரம் நீட்டுவது இல்லை, தலை எண்ணுகிறார்கள், புதன்கிழமை வந்த தலையெல்லாம் கணக்கில் சேராது, இன்னும் நூற்று மூன்று பேர் வராவிட்டால் படத்தை எடுத்துவிடுவார்கள், அப்புறம் ஒரு வருஷத்துக்கு லோசேனாவை யாருமே பார்க்க முடியாது என்று கொட்டித் தீர்த்தாள். யாரிடமும் இப்படிக் கெஞ்சினதில்லை அவள். டெலிவிஷன் வேலையை விடும்போது மேலதிகாரியிடம்கூடக் கெஞ்சவில்லை.

"எரநூறு பேரு பாத்தாங்களே, அதக் கேட்டு இன்னும் ஆள் வருமேன்னு அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தோணலையா?" என்று கேட்டார் எமோசி.

"அவங்களுக்கு அது தெரியவே தெரியாது மாமா. மிஷின்ல டிக்கெட் அடிச்சாத்தான் தெரியும்."

"சரி. சனிக்கெழம காலையில வர்றோம். அழுவாத."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பேர், மதியம் பதினாலு. கூடிக்கொண்டுதான் போகிறது என்று உனைசி மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆகமொத்தம் நாற்பது. இன்னும் எண்பது வேண்டும். வுனிவாசாவில் பள்ளிக்கூடச் செலவு மாதம், புதன்கிழமை மூன்று பஸ்ஸுக்குக் கொடுத்ததே கையைக் கடித்திருந்தது. அப்படியும் ஒரு பஸ் நிறைய வருகிறோம் என்று வைசாகே சொல்லி அனுப்பினார். நாற்பது, நாற்பத்தைந்து பேர். மீதி முப்பத்தைந்தைச் சனி மதியமும் ஞாயிறும் தேற்றிவிடலாம். பழைய டெலிவிஷன் ஆட்கள் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலேஜில் பாடம் நடத்துகிற ஒருத்தி, மாணவர்களைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தாள். முடியாத கணக்கு இல்லை. அன்று இரவு உனைசி நன்றாகத் தூங்கினாள்.

நெதானி தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு ஒரு மெயில் வந்திருந்தது. புதன்கிழமை நாலு மணிக்கு மேல் இரண்டாம் ஹாலில் அனுமதி இல்லாமல் காட்சி நடந்திருப்பது கண்காணிப்பு கேமராவில் தெரிகிறது, விளக்கம் எழுது என்பது முதல் பத்தி. பறக்கிற மனிதர்கள் படத்துக்கு வார இறுதியில் இடம் போதவில்லை, சனிக்கிழமையிலிருந்து இரண்டாம் ஹாலும் அதற்கே, உள்ளூர்ப் படம் வெள்ளியோடு நிறுத்தப்படுகிறது என்பது இரண்டாவது பத்தி. அவன் போன் போட்டுப் பேசினான். நாளைக்கு ஒரு பஸ் நிறைய ஆள் வருகிறது என்று சொன்னான். புதன்கிழமையும்தான் இருநூறு பேர் வந்தார்கள், எத்தனை பேர் டிக்கெட் வாங்கினார்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். போனை வைத்துவிட்டு விளக்கத்தை எழுதி அனுப்பினான். அதற்குப் பிறகும் இரண்டு தரம் மேலே போன் போட்டான். யாரும் எடுக்கவில்லை.

உனைசிக்கு மட்டும் அவன் போன் போடவில்லை. ஆறேழு தரம் நம்பரை எடுத்துப் பார்த்தான். ஒரு தௌவுக்காரியிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று அவனுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. காலையில் எப்படியாவது ஆகிவிடும் என்று விட்டுவிட்டான். இப்படிப்பட்ட நல்லவர்களால்தான் பாதிக் காரியம் கெடுகிறது.

சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கு உனைசி டிக்கெட் கவுண்டரில் போய் நின்றாள். ஊர் ஜனம் வந்ததும் திண்டாடக் கூடாது, சேர்ந்தாற்போல நாற்பது சீட்டை ஒதுக்கச் சொல்லலாம் என்று எண்ணம். கவுண்டரில் இருந்த ப்ரனீத்தா திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்க படம் இதுல இல்லயே."

"ரெண்டாம் ஹாலு. பத்தரை."

"ரெண்டாம் ஹால்ல பறக்கற படம்தான் காட்டுது, அக்கா." அவள் திரையை உனைசி பக்கம் திருப்பிக் காட்டினாள். "நாளைக்கும் அதுதான்."

நெதானி ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தான். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று சாயங்காலமே வந்தது என்றான். எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அஞ்சு மணிக்கு என்றான். அஞ்சு மணிக்குச் சொல்லியிருந்தால் ஊர் கிளம்பியிருக்காது. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தௌவுக்காரனிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது, கேலிதான் பண்ணலாம். உனைசி ஒரு கேலியைத் தேடினாள். ஒன்றுகூட வரவில்லை. அவனும் தேடியிருப்பான் போலிருக்கிறது, வாயைத் திறந்து திறந்து மூடினான்.

பத்து மணிக்குப் பஸ் வந்து நின்றது. நல்ல மழை. மரவள்ளியும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் கட்டின பொட்டலங்களைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். புதன்கிழமை போட்ட அதே நல்ல துணி, துவைத்துத் தேய்த்து. வைசாகேயின் கையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் டிக்கெட் காசு, வீட்டுக்கு வீடு எடுத்தது. பிள்ளைகள் நேரே அட்டைப் பொம்மையிடம் போய் அதன் காலைக் கட்டிக்கொண்டார்கள்.

உனைசி மாமாவைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னாள். எமோசி போய் வைசாகேயிடம் சொன்னார். வைசாகே மற்ற பெரியவர்களிடம் சொன்னார். ஒருவரும் சத்தம் போடவில்லை. நெதானியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவராவது கண்ணாடியை உடைத்திருந்தால் உனைசி அவர் காலில் விழுந்திருப்பாள். அவர்கள் ஜன்னலோரமாகத் தரையில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார்கள். பஸ் மூன்று மணிக்குத்தான் திரும்ப வரும். வெளியே மழை. டப்பாவில் காசு. ஒரு காரியத்துக்கென்று ஊர் கூடி எடுத்த காசைச் செலவழிக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவது கேவலம், அந்த வழக்கம் வுனிவாசாவில் கிடையாது. பத்து நிமிஷம் பேசியிருப்பார்கள். வைசாகே எழுந்து உனைசியிடம் வந்தார்.

"உன் படம் எந்த ஹால்ல ஓடுச்சு தாயி?"

"ரெண்டாம் ஹால்ல."

அவர் கவுண்டருக்குப் போய் டப்பாவைத் திறந்து வைத்தார்.

"ரெண்டாம் ஹாலுக்கு நாப்பத்தேழு டிக்கெட்."

ப்ரனீத்தா உனைசியைப் பார்த்தாள். உனைசி வாயைத் திறந்தாள். வேண்டாம் ஐயா, அது என் படம் இல்லை, அந்தக் காசு என்னை எடுத்து வெளியே எறிந்தவனுக்கே போகும் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் வைசாகே திரும்பி, உன்னையும் சேர்த்துத்தான் நாற்பத்தேழு என்றார். வந்த காரியத்தை எப்படியோ முடித்துவிட்டோம் என்ற திருப்தி அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. பின்னால் நின்ற பெண்களும் உனைசியைப் பார்த்துத் தலையாட்டினார்கள், உன்னை விட்டுவிடுவோமா என்கிற மாதிரி. அவள் வாயை மூடிக்கொண்டாள். மெஷின் நாற்பத்தேழு டிக்கெட்டையும் சரசரவென்று அடித்துத் தள்ளியது.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். புதன்கிழமை எந்தெந்த சீட்டில் உட்கார்ந்தார்களோ அதே சீட்டுகளைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார்கள். பறக்கிற மனிதர்கள் பறந்தார்கள். கட்டடங்கள் விழுந்தன. முதலில் மரியாதைக்குப் பார்த்தவர்கள், அரை மணி நேரத்தில் நிஜமாகவே சிரிக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் சீட்டின் மேல் ஏறி நின்றார்கள். எமோசியைத் திட்டின பெண்கள் இப்போது பச்சை நிற வில்லனைத் திட்டினார்கள். லோசேனாவின் புருஷன்கூட ஒரு இடத்தில் சிரித்தார். உனைசிக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

நெதானி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். போனை நீட்டினான். கம்பெனியின் சிஸ்டம் அரை மணிக்கு ஒரு தரம் தலையை எண்ணி மேலே அனுப்பிவிடும், அங்கிருந்து உடனே பதில் வந்திருந்தது. இரண்டாம் ஹால் காலைக் காட்சி அறுபத்திரண்டு, இந்த மாதத்தின் மிகச் சிறந்த சனிக்கிழமைக் காலை. மாற்றம் சரியான முடிவு. உள்ளூர் மக்கள் எதை விரும்புகிறார்கள் என்பது தெளிவாகிவிட்டதால் இந்த வருஷம் வேறு உள்ளூர்ப் படங்களை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கடைசியில் நெதானிக்குப் பாராட்டு. விளக்கக் கடிதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

உனைசி அதை இரண்டு தரம் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் எழுதறேன்," என்றான் நெதானி. "அவங்க உன் படத்துக்கு வந்தவங்கன்னு எழுதறேன்."

"எழுது."

எழுதுவான் என்று இரண்டு பேருமே நம்பவில்லை. எழுதினாலும் படிக்க ஆள் இல்லை.

படம் விட்டது. எல்லாரும் வெளியே வந்து பெஞ்சுகளிலும் தரையிலும் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தார்கள். உனைசிக்கும் ஒரு இலையில் வைத்துக் கொடுத்தார்கள். நெதானிக்கும் ப்ரனீத்தாவுக்கும் கொடுத்தார்கள். மூன்று மணிக்குப் பஸ் வந்தது. எல்லாரும் ஏறின பிறகும் எமோசி படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். ஏதோ கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்று தயங்குகிற நிற்பு.

"மருமகளே, ஒண்ணு கேக்கறேன். நாங்க எடுத்த டிக்கெட்டெல்லாம் ஒன் கணக்குலதானே ஏறும்?"

ஜன்னல் வழியாக நாற்பத்தைந்து முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடச் செலவு மாதம்.

"என் கணக்குலதான், மாமா," என்றாள் உனைசி.

எமோசியின் முகம் மலர்ந்துபோயிற்று. உள்ளே ஏறி, ஏறிடும்னு சொல்லிட்டா என்று உரக்கச் சொன்னார். பஸ்ஸில் எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊரையும் அழைத்துக்கொண்டு வருகிறோம் என்று வைசாகே ஜன்னலிலிருந்து கையை ஆட்டினார்.